பத்தமடைப் பாய் தறியில் நிற்க: நெய்யும் பெண்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கிறது பத்தமடை. அந்த ஊருக்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோரைப்பாய். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து, ஊறவைத்து, மறுபடியும் இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக (நீளவாக்கு நூலாக)ப் போட்டுத் தரைத்தறியில் நெய்வார்கள். மிக மெல்லிய ரகத்தை மடித்துச் சின்னக் கைப்பைக்குள் வைத்துவிடலாம். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். தறியில் உட்காருபவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்.

2013-இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மெல்லிய பாய் நெய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. பிளாஸ்டிக் பாயும் விசைத்தறியும்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறோம். அது பாதிதான். மீதியைப் பீடித் தட்டைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். நெல்லைப் பக்கம் வீட்டிலிருந்தபடி சம்பாதிக்க நினைக்கும் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் வேலை பீடி சுற்றுவது. கூலி பெரிதில்லை, நெஞ்சுக்கும் கெடுதல். ஆனால் முறையாகப் பதிவான தொழிலாளியாக இருந்தால் பிஎஃப் உண்டு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, முக்கூடலில் அவர்களுக்கென்றே மருத்துவமனை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த வாரமே காசு வரும். பாய் நெய்பவருக்கு இதில் எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு பெண் தறியை விட்டுப் பீடித் தட்டை எடுத்தால், அவர் எடுத்தது நியாயமான முடிவு. நாம் மாற்ற வேண்டியது அந்தக் கணக்கை.

இந்த வழிகாட்டி அதற்காகத்தான். நெசவுக் குடும்பத்தில் பிறந்து படித்துவிட்டு ஊரில் இருப்பவர், மகளிர் குழுவை நடத்துபவர், கைவினைப் பொருள் விற்கும் கடைக்காரர், உதவ நினைக்கும் வெளியூர்க்காரர் என்று யார் வேண்டுமானாலும் இதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். பத்தமடையை வைத்தே எழுதுகிறேன். வேறு ஊர், வேறு நெசவு என்றால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் படி: தெரு தெருவாகக் கணக்கெடுங்கள்

எத்தனை தறி இருக்கிறது என்ற கேள்வியோடு நிறுத்திவிடக் கூடாது. யாருக்கு என்ன தெரியும் என்பதுதான் முக்கியம். ஒரு நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த வீட்டில் யார் நெய்கிறார், எவ்வளவு மெல்லிய ரகம் வரை நெய்வார், பூவும் எழுத்தும் போடத் தெரியுமா, சாயம் யார் போடுகிறார், தறி நிற்கிறதா பரணில் கிடக்கிறதா, நெய்வதை எப்போது எதற்காக நிறுத்தினார், இப்போது எதில் சம்பாதிக்கிறார் என்று எழுதுங்கள். மெல்லிய பாயை 100, 120 என்று எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூட நெசவு நுணுக்கமாகும். அதிகபட்சம் எந்த எண் வரை அந்தக் கை போயிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். காலையில் சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் இருக்கும். அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு போனால் நிதானமாகப் பேசுவார்கள். ரமலான் மாதத்தில் கணக்கெடுப்பைத் தள்ளிப்போடுங்கள். கூடவே ஊர்ப் பெண் ஒருவர் வர வேண்டும். "லாத்தா, நீங்க நெய்த பாயை ஒண்ணு காட்டுங்களேன்" என்று தொடங்கினால் பேச்சு தானாக ஓடும். படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், ஏதோ கடன் விவகாரம் என்று நினைத்துக் கதவு பாதி மூடிவிடும். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. அடுத்த படியில் வருகிறது.

இரண்டாம் படி: முன்பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நெய்பவர் பலருக்குக் கோரையும் நூலும் ஒரு வியாபாரியிடமிருந்து வரும், பாய் அவரிடமே திரும்பிப் போகும். இடையில் மருத்துவச் செலவுக்கு, கல்யாணத்துக்கு என்று வாங்கிய முன்பணம் இருக்கும். அந்தப் பணம் கழியும் வரை பாயை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, விலையும் பேச முடியாது.

வெளியிலிருந்து வருபவர்கள் இங்கே அவசரப்பட்டு, இடைத்தரகரை ஒழிப்போம் என்று கிளம்பிவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பணம் கொடுக்கும் ஒரே ஆள் சில வீடுகளுக்கு அவர்தான். அந்த இடத்தை நிரப்ப வழி செய்யாமல் அவரோடு சண்டை மூட்டிவிட்டால், நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு அதன் வலி அந்தப் பெண்ணுக்குத்தான். முதலில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று, அவர்கள் விரும்பினால் மட்டும், தனியாகக் குறித்து வையுங்கள். குழுச் சேமிப்பிலிருந்து அவசரக் கடன் கொடுக்கும் நிலை வந்ததும் ஒவ்வொருவராகப் பாக்கியை அடைத்து வெளியே வரலாம். சில வியாபாரிகள் நல்ல விலைக்குப் பாய் எடுக்கவும் தயாராக இருப்பார்கள். அவர்களைக் கழித்துவிட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கோரையை முதலில் பாதுகாப்போம்

பாய் நன்றாக வருவதும் வராததும் கோரையில்தான் பெருமளவு இருக்கிறது. கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். முற்றிவிட்டால் கிழிக்கும்போது இழை நேராக வராது. அறுத்ததும் தட்டையைக் கிழித்து வெயிலில் காயப்போடுவார்கள், பச்சை நிறம் மாறி மஞ்சளோடும். ஒரு மழை பிடித்தால் கறுத்துவிடும், அந்தக் கட்டு மெல்லிய பாய்க்கு ஆகாது. காய்ந்ததை ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறவைத்தால் உப்பி வரும். அதை மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிய இழைகளாகக் கிழிப்பதில்தான் பட்டுப்பாய் என்னும் மிக மெல்லிய ரகத்துக்கும் சாதாரணப் பாய்க்கும் வித்தியாசம் தொடங்குகிறது. நன்றாகத் தெரிந்தவர் இழையை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தே இது எந்த ரகத்துக்கு ஆகும் என்று சொல்லிவிடுவார்.

இதில் கவலைப்பட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, கோரை வளரும் இடம். கரையோரம் ஆக்கிரமிப்பு, மணல் போனது, கழிவுநீர் கலப்பது எல்லாம் சேர்ந்து முன்பு தாராளமாக அறுத்த இடங்களைச் சுருக்கிவிட்டன. எந்த வாய்க்கால் ஓரத்தில், எந்தக் குளத்தில் இப்போதும் நல்ல கோரை இருக்கிறது என்று அறுக்கும் ஆட்களோடு நடந்து போய்ப் படம் வரைந்து வையுங்கள். அது யாருடைய நிலம், நீர்வளத் துறையா பேரூராட்சியா தனியாரா என்றும் எழுதுங்கள். தூர்வாரும் வேலை வரும்போது கோரைக்கட்டை மொத்தமாக வழித்துப் போட்டுவிடாமல் முன்கூட்டியே மனு கொடுக்க அந்தப் படம் உதவும்.

இரண்டு, பயிராக வளர்ப்பது. காவிரிக் கரையில் கரூர், முசிறி, நாமக்கல் பக்கம் கோரையைப் பயிராகவே வளர்க்கிறார்கள். ஒருமுறை நட்டால் பல வருஷம் அறுக்கலாம். அங்கிருந்து வாங்கவும் செய்யலாம், ஆனால் அந்தக் கோரை அதிகம் போவது விசைத்தறிப் பாய்க்கு. மெல்லிய ரகத்துக்கு ஒத்துவருமா என்று ஒரு கட்டு வாங்கி, மூத்த நெசவாளி ஒருவரைக் கிழித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மொத்தமாக எடுக்க வேண்டும். ஊரிலேயே ஈரம் நிற்கும் நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவரோடு, கால் ஏக்கர் என்றாலும், ஒப்பந்தம் பேசிப் பார்க்கலாம்.

மூன்று, இருப்பு. அறுப்புக் காலத்தில் விலை இறங்கும், மழைக்காலத்தில் ஏறும். தனி ஆளாக ஒருவர் வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி வைக்க முடியாது. குழுவாகச் சேர்ந்து வாங்கி, தரையில் படாமல் மரச்சட்டத்தின்மேல், காற்றோட்டமான அறையில் அடுக்கி வைக்க வேண்டும். கடன் வாங்கிச் செய்யத் தகுந்த முதல் செலவு எது என்று கேட்டால், கோரை இருப்பு என்றுதான் சொல்வேன். தறி வாங்குவது, கட்டடம் கட்டுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

நான்காம் படி: மணிநேரத்தை எழுதி, விலையை அதிலிருந்து போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பாய் விலை இப்போது எப்படி முடிவாகிறது? "போன தடவை இவ்வளவு கொடுத்தார், இந்தத் தடவை நூறு சேர்த்துக் கேட்கலாம்." அவ்வளவுதான். எத்தனை மணிநேரம் போனது என்று யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் வேலை துண்டு துண்டாக நடக்கிறது. சோறு வடித்துவிட்டு ஒரு மணிநேரம், மதியம் இரண்டு மணிநேரம், பிள்ளைகள் தூங்கியதும் கொஞ்சம். கோரை கிழிப்பது மாமியார், பாவு போட உதவுவது மகள். இந்த நேரமெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தறிக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் அட்டையைத் தொங்கவிடுங்கள். உட்காரும்போதும் எழும்போதும் நேரத்தைக் குறிக்கட்டும். எழுதத் தெரியாதவர் கால்மணிக்கு ஒரு கோடு போடலாம். கிழித்தவர், சாயம் போட்டவர், பாவு போட உதவியவர் எல்லோருடைய நேரமும் அதில் வர வேண்டும். ஒரு ரகத்துக்கு மூன்று நான்கு பாய் முடியும்வரை செய்தால் நம்பத்தகுந்த சராசரி கிடைக்கும்.

அப்புறம் கணக்கு. கீழே உள்ளது முறையைக் காட்ட மட்டும் போட்ட மாதிரி, உங்கள் எண்களை உங்கள் அட்டையிலிருந்து எடுங்கள். ஒரு பாய்க்கு நெசவு 70 மணிநேரம், கோரை தயாரிப்பும் சாயமும் பாவும் சேர்ந்து 30 மணிநேரம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைக் கூலிக்கு ஒரு அளவுகோல் வேண்டும். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய், எட்டு மணிநேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. பத்தமடை பேரூராட்சி என்பதால் அந்தத் திட்டம் அங்கே கிடையாது, ஆனாலும் தனித் திறமை கேட்காத வேலைக்கே அரசு இவ்வளவு என்று நிர்ணயித்திருக்கிறது என்பதால் அதற்குக் கீழே போகக் கூடாது. தயாரிப்பு வேலைக்கு மணிக்கு 42 என்றால் 1,260. நெசவு கைத்திறன் வேலை. மணிக்கு 60 போட்டால் 4,200. கோரை, நூல், சாயம் 600. தறித் தேய்மானம், வெளிச்சம், சில்லறைச் செலவு 100. மொத்தம் 6,160. குழு நிதிக்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 6,470.

இதே பாய்க்கு ஒரு வியாபாரி 3,000 கொடுக்கிறார் என்று வையுங்கள். பொருளும் சில்லறைச் செலவும் சேர்ந்த 700-ஐக் கழித்தால் மீதி 2,300, நூறு மணிநேரத்துக்கு. மணிக்கு 23 ரூபாய். எட்டு மணிநேரத்துக்கு 184. இந்த எண்ணைக் குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அதுவரை "என்னமோ வருது" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அதற்கு அப்புறம் அந்த விலைக்குச் சம்மதிக்க யோசிப்பார்கள்.

கணக்குப் போட்டதும் சில ரகங்களுக்கு நியாயமான கூலி கிடைக்கவே வழியில்லை என்று தெரியவரும். நடுத்தரமான, கொஞ்சம் தடித்த பாயில் விசைத்தறியோடு விலையில் மோத முடியாது. அந்த ரகத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வருத்தமான முடிவுதான். ஆனால் நஷ்டத்துக்கு நெய்யச் சொல்லிப் பாரம்பரியத்தை ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றிவைக்க நமக்கு உரிமை இல்லை. கையால் மட்டும் முடிகிற ரகங்களில் நேரத்தைப் போடுவோம்.

பணம் கொடுக்கும் விதமும் கூலி அளவுக்கு முக்கியம். ஒரு மெல்லிய பாய் முடிய மாதக்கணக்கு ஆகும், அதுவரை காசு இல்லாமல் எந்த வீடும் ஓடாது. பாவு போட்டதும் ஒரு பங்கு, பாதி நெய்ததும் ஒரு பங்கு, முடித்து ஒப்படைத்த அன்றே மீதி என்று பிரித்துக் கொடுங்கள். விற்ற பிறகு தருகிறேன் என்ற பேச்சே வேண்டாம். நெய்த பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் போக வேண்டும், வீட்டு ஆண்களின் கணக்கில் அல்ல. கிழித்துக் கொடுத்த மாமியாருக்கும் தனியாகப் போனால் வீட்டுக்குள் சண்டை குறையும்.

ஐந்தாம் படி: குழுவைக் கட்டுங்கள்

பன்னிரண்டிலிருந்து இருபது பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவே தொடக்கத்துக்குப் போதும். ஏற்கெனவே இருக்கும் குழுக்களில் நெய்பவர்கள் சிதறிக் கிடப்பார்கள். அவற்றை உடைக்காமல், நெய்பவர்களை மட்டும் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்க்கலாம். சுய உதவிக் குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேலாளர் வேறு மாதிரி பேசினால், எழுத்தில் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.

தரம் பார்க்கும் பொறுப்பு நெய்பவர்களிடமே இருக்கட்டும். இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஓரம் நேராக இருக்கிறதா, இழை சீராக இருக்கிறதா, சாயம் கையில் ஒட்டுகிறதா, மடித்த இடத்தில் கோரை உடைகிறதா என்று பார்த்து, குறை இருந்தால் நெய்தவர் முன்னால் சொல்ல வேண்டும். கணக்கு நோட்டை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் வாசித்துவிடுங்கள். குழுக்கள் உடைவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, வாசிக்காத நோட்டால்.

ஆறாம் படி: காகித வேலைகள்

சலிப்பான வேலை, ஆனால் பீடித் தொழிலாளிக்கு இருக்கும் பாதுகாப்பில் கொஞ்சமாவது நெய்பவருக்கும் வர வேண்டுமானால் இதைச் செய்தாக வேண்டும். ஒரு நாள் முகாம் போட்டு ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படத்தோடு எல்லோரையும் வரச்சொல்லி மொத்தமாக முடித்துவிடுங்கள்.

மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகம் தரும் பெஹசான் என்ற கைவினைஞர் அட்டை முதலில் வேண்டும். கண்காட்சி, பயிற்சி, விருது எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அட்டை நெய்யும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். விற்கப் போகும் ஆணின் பெயரில் அட்டை இருந்து, நெய்பவர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். பிள்ளைகளின் கல்வி, விபத்து, முதுமை ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. குறித்த காலத்தில் புதுப்பிக்க மறந்தால் போய்விடும், அதனால் புதுப்பிக்க வேண்டிய தேதிகளைக் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.

கடனுக்கு, மாநில அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 50,000 வரை மானியம், வட்டியில் ஐந்து சதவீதம் வரை சலுகை. 35 வயது முடிந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பாய் முடைவதும் ஒன்று, ஆனால் தமிழக அரசு அதற்குப் பதிலாகத்தான் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எனவே நம் ஊரில் மாநிலத் திட்டத்தைப் பிடிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. குழுவை ஒரு தொழிலாகக் காட்ட, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எடுங்கள். அது முழுக்க இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் போலி.

புவிசார் குறியீட்டைப் பற்றித் தவறான நம்பிக்கை ஒன்று உண்டு. ஊருக்குக் குறியீடு கிடைத்தால் எல்லா நெசவாளருக்கும் தானாக உரிமை வந்துவிடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக ஒவ்வொருவரும் தனியாகப் பதிய வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். 2020-இல் கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள், பதிவு பத்து வருஷம் செல்லும். பதிந்தவருக்குத்தான் அந்த அடையாளத்தை லேபிளில் போடவும், வேறு ஊர்ப் பாயை இந்தப் பெயரில் விற்பவர்மேல் நடவடிக்கை எடுக்கவும் வலு இருக்கிறது. பதிவில் செய்முறை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். குழுவில் உட்கார்ந்து ஒருமுறை உரக்கப் படியுங்கள். கைத்தறித் துணிகளுக்கு 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சேலை, வேட்டி, ஜமக்காளம் உள்பட 11 வகைகளில் குறிப்பிட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று அது சொல்கிறது. பாய் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நமக்கு இருக்கும் சட்டப் பிடிமானம் புவிசார் குறியீடுதான்.

ஏழாம் படி: தெரிந்ததைப் பதிவு செய்யுங்கள்

இது முதல் வேலை இல்லையா என்று கேட்கலாம். கூலிக் கணக்கும் குழுவும் வருவதற்கு முன் கேமராவோடு போனால், நம் வித்தையை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். அது நியாயமான சந்தேகம்.

செல்போன் வீடியோ போதும். முகத்தைக் காட்ட விரும்பாதவர்களின் கையை மட்டும் எடுங்கள், நமக்கு வேண்டியதும் கைதான். கோரைத் தட்டையை எந்த இடத்தில் பிடித்துக் கத்தி வைக்கிறார், ஊறியது போதும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார், கோரை கோத்த நீளக் குச்சியைப் பாவுக்குள் எந்தச் சாய்வில் செலுத்துகிறார், இழையை நெருக்கும் அச்சை இழுத்து அடிக்கும்போது எவ்வளவு அழுத்தம் என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். சாயம் பற்றித் தனியாகப் பேசுங்கள். இப்போது எல்லோரும் பாக்கெட் சாயம்தான் போடுகிறார்கள். முன்பு சப்பங்கி மரக்கட்டையிலிருந்து சிவப்பு எடுத்தது நினைவிருக்கும் முதியவர்கள் இருந்தால், அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும்.

ஒவ்வொரு ரகத்திலும் ஒரு சாண் அகலத்துக்கு மாதிரித் துண்டு நெய்து வாங்கி, காசு கொடுத்து, அட்டையில் தைத்து மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். பக்கத்தில் பாவு நூல், இழை, எண், நெய்தவர் பெயர். புத்தகமும் வீடியோவும் குழுவின் சொத்து. வெளியில் யாருக்குக் கொடுப்பது என்பதைக் குழு முடிவு செய்யட்டும்.

எட்டாம் படி: கண்ணும் முதுகும்

நாற்பதைத் தாண்டியதும் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெள்ளெழுத்து என்பார்கள். கல்யாணப் பாயில் பெயர் போட்டுக்கொண்டிருந்தவர் தடித்த பாய்க்கு இறங்கிவிடுவார், கை போய்விட்டது என்று ஊர் சொல்லும். பல சமயம் போனது கை இல்லை, கண். 2018-இல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், வெள்ளெழுத்துக்கு விலை மலிவான கண்ணாடி கொடுத்ததும் அவர்களுடைய உற்பத்தித் திறன் கண்ணாடி இல்லாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிப்பதற்கே அப்படி என்றால் இழை எண்ணி நெய்வதற்குச் சொல்ல வேண்டாம். கணக்கெடுப்பு முடிந்த மாதமே ஒரு கண் பரிசோதனை முகாம் நடத்துங்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை இந்த வழிகாட்டியில் வேறு எதுவும் இல்லை.

தரைத்தறியில் குனிந்தே இருப்பதால் முதுகும் முழங்காலும் போகும். தறியை இடுப்பு உயரத்துக்கு ஏற்றும் சட்டத்தை உள்ளூர்த் தச்சரை வைத்துச் செய்து பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு தறியில், விருப்பமுள்ள ஒருவரிடம், சில மாதம் ஓடிய பிறகுதான் மற்றவர்களுக்கு. தறிக்கு மேலே நிழல் விழாதபடி ஒரு எல்இடி விளக்கு உடனே போட்டுவிடலாம்.

ஒன்பதாம் படி: என்ன நெய்வது, யாரிடம் விற்பது

மேசை விரிப்பு, கைப்பை, கோப்பு உறை என்று சின்னப் பொருள் செய்யச் சொல்லி எல்லாப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். சீக்கிரம் விற்கும், வாரா வாரம் காசு வரும் என்பது உண்மை. அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை எல்லாம் தடித்த நெசவு. நாலு வருஷம் அதையே செய்தால் மெல்லிய இழை கிழிக்கும் கை மறந்துபோகும். அதனால் மெல்லிய நெசவு தெரிந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு பட்டுப்பாயாவது நெய்ய வேண்டும், அதற்கான கூலியைக் குழு நிதியிலிருந்து முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மணமக்கள் பெயரும் தேதியும் நெய்த கல்யாணப் பாய்தான் நமக்கு உயிருள்ள சந்தை. விசைத்தறி ஒரே வடிவத்தை ஆயிரம் போடும், ஒரு ஜோடியின் பெயரை ஒரே ஒரு தடவை போடுவது அதற்குக் கட்டுப்படியாகாது. கைக்கு அது இயல்பான வேலை. ஆர்டரைக் கல்யாணத் தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பு எடுங்கள், பாதிப் பணம் முன்கூட்டி வாங்குங்கள், பெயரின் எழுத்துகளை வாடிக்கையாளர் கையால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு எத்தனை பாய் எடுக்க முடியும் என்று தறி எண்ணிக்கையை வைத்து முதலிலேயே முடிவு செய்து, அது நிரம்பியதும் ஆர்டரை மூடிவிடுங்கள்.

வாங்குபவருக்கு வித்தியாசம் காட்டத் தெரிய வேண்டும். விசைத்தறிப் பாயில் பெரும்பாலும் செயற்கை நூல் பாவு, தடித்த கோரை, மடித்தால் விறைக்கும். கைப்பாயைக் கையில் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. லேபிளில் நெய்தவர் பெயர், அவர் சம்மதித்தால் மட்டும். ரகம், போன மணிநேரம், புவிசார் அடையாளம். எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் போன பாய் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதைவிட, இந்தப் பாய்க்கு நூறு மணிநேரம் ஆனது என்ற ஒரு வரி விலையை நியாயமாக உணர்த்தும்.

விற்கும் இடங்களைப் பொறுத்தவரை, அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்கள், மகளிர் குழுக்களுக்கான சரஸ் கண்காட்சிகள், தில்லி ஹாட் என்ற கைவினைச் சந்தை போன்றவற்றில் இடம் கேளுங்கள். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆர்டர்களை நெசவுக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் பார்க்கலாம். கடைகளுக்கு வைத்து விற்கக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்கு அலைவது குழுவைச் சாகடிக்கும். முழுப் பணத்துக்கு வாங்கினால் மட்டும் கொடுங்கள். குழு விலைக்கு மேல் கடைக்காரர் எவ்வளவு வைத்தாலும் அவர் வாடகையும் சம்பளமும் அதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் நேரடியாக விற்கும்போது கடை விலையை அடித்து இறக்காதீர்கள். அடுத்த தடவை அந்தக் கடை வாங்காது.

பத்தாம் படி: அடுத்த கை

மகள்கள் நெய்ய வருவதில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை. படித்து வேலைக்குப் போகட்டும், அதற்காகத்தான் அம்மா நெய்தார். வர விரும்புபவர்களுக்கு வழி திறந்திருக்கிறதா என்பதைப் பார்ப்போம். கல்யாணமாகி ஊருக்குள்ளேயே இருக்கும் இளம்பெண்கள், பீடியிலிருந்து வெளியே வர நினைப்பவர்கள், நெசவுக் குடும்பத்தில் பிறக்காத அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கற்றுக் கொடுப்பவருக்கும் கூலி, கற்றுக் கொள்பவருக்கும் கூலி. இரண்டும் இல்லாத பயிற்சி சான்றிதழோடு முடிந்துவிடும். மூத்தவர் ஒருவருக்கு இரண்டு பேர் போதும், அவர் வீட்டுத் தறியிலேயே. முதல் சில வாரம் கோரை கிழிப்பது மட்டும். அப்புறம் தடித்த பாய், அதற்கு அப்புறம் ஒவ்வொரு ரகமாக மேலே. கற்பவர் நெய்யும் பாய் விற்காது என்பதைக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள், அது செலவுதான். மாவட்டத் தொழில் மையம், கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகம் வழியாக உதவித்தொகையுடன் பயிற்சி கிடைக்கும்போது, ஆசிரியராக வெளியூர் வடிவமைப்பாளரை மட்டும் போடாமல் நம் மூத்த நெசவாளியின் பெயரும் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

வருஷம் முடிந்ததும் என்ன பார்ப்பது

எத்தனை கண்காட்சி, எத்தனை புகைப்படம் என்று எண்ண வேண்டாம். தறி அட்டைகளை எடுத்து மணிநேரக் கூலி போன வருஷத்தைவிட ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி உட்கார்ந்தார்கள், 100-க்கு மேல் நெய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், முன்பணப் பாக்கியிலிருந்து எத்தனை பேர் வெளியே வந்தார்கள், கோரை இருப்பு அடுத்த மழைக்காலம் தாங்குமா என்று பாருங்கள். கூலி ஏறாமல் விற்பனை மட்டும் ஏறியிருந்தால் விலையை மறுபடி போடுங்கள்.

அதற்குள் ஒரு பெரிய ஆர்டர் வரும். ஏதோ ஒரு நிறுவனம் தீபாவளிப் பரிசுக்கு ஐநூறு விரிப்பு, ஆறு வாரத்தில், விலையைக் கொஞ்சம் குறைத்து என்று கேட்கும். ஆசையாகத்தான் இருக்கும். தறி எண்ணிக்கையை மணிநேரத்தால் பெருக்கிப் பாருங்கள். ராத்திரி கண்விழித்தால்தான் முடியும் என்றோ, விசைத்தறிப் பாயைக் கலந்தால்தான் முடியும் என்றோ கணக்கு சொன்னால், எண்பது விரிப்பு எங்கள் விலைக்குத் தருகிறோம், மீதிக்கு அடுத்த வருஷம் சித்திரையிலேயே சொல்லுங்கள் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.